பாதை போட்டால் ஊர் பிழைக்குமா? அமெரிக்க மாநிலங்களின் திறந்தவெளிப் பொழுதுபோக்குப் பொருளாதாரம்

கேள்வி இதுதான்: அமெரிக்க மாநிலங்கள் பலவும் நடைபாதை, சைக்கிள் தடம், ஆறு, ஏரி, பூங்கா என்று திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக வரிப்பணத்தைச் செலவிடுகின்றன, சில மாநிலங்கள் அதற்கென்று தனி அலுவலகமே வைத்திருக்கின்றன. இதனால் மாநிலத்தின் பொருளாதாரத்துக்கும் அங்கே வாழும் மக்களுக்கும் உண்மையாகவே நன்மை உண்டா, அல்லது இது சுற்றுலாத் துறையின் விளம்பரப் பேச்சா?

நன்மை உண்டு, அதுவும் கணிசமானது என்பதே என் பதில். ஆனால் வந்த பணம் ஊரிலேயே தங்கும் என்று நம்பிவிடக் கூடாது. பாதையைப் பராமரிப்பவர் யார், நிலத்தைத் தருபவர் யார், ஹோட்டலில் வேலை செய்பவர் இரவில் எங்கே போய்ப் படுக்கிறார் என்ற மூன்றையும் பொறுத்தே ஒரு மாநிலத்தின் லாபமும் நஷ்டமும் அமைகின்றன. விளம்பரப் பலகைகள் இவற்றைப் பேசுவதில்லை என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், நன்மை உண்மைதானா என்பதற்கு ஒரு சான்று. 2013 அக்டோபரில் வரவு செலவு மசோதா நிறைவேறாமல் அமெரிக்க மத்திய அரசு முடங்கியது. தேசியப் பூங்காக்கள் எல்லாம் மூடப்பட்டன. யூட்டா மாநிலத்தின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்கு இலையுதிர் காலத்தில் கூட்டம் நிறைய வரும். பூங்கா வாயில்களை அண்டிப் பிழைக்கும் சிற்றூர்களில் அறை முன்பதிவுகள் வரிசையாக ரத்தாயின. யூட்டா அரசு வாஷிங்டனுடன் பேசி, எட்டு இடங்களைப் பத்து நாள்களுக்குத் திறந்து வைக்க மாநிலக் கருவூலத்திலிருந்து 16.7 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் பூங்காவைத் திறக்க மாநிலம் பணம் கட்டியது! அரிசோனா, கொலராடோ, தெற்கு டகோட்டா, நியூயார்க் ஆகியவையும் தத்தம் பூங்காக்களுக்கு இதையே செய்தன. தேசியப் பூங்காப் பணித்துறை பிறகு கணக்கிட்டபோது, அந்த அக்டோபரில் பூங்காக்களைச் சுற்றியுள்ள ஊர்கள் இழந்த வருவாய் சுமார் 41 கோடி டாலர் என்றும், மாநிலங்கள் கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் பயணிகள் சுமார் 10 டாலர் செலவழித்தார்கள் என்றும் தெரிந்தது. கஞ்சத்தனத்துக்குப் பெயர்போன மாநில நிதித்துறைகள் அவசரமாகக் காசோலை எழுதின என்றால் அங்கே ஏதோ உண்மை இருக்கத்தான் வேண்டும்.

அடுத்து மொத்தக் கணக்கு. 2016இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, அமெரிக்க வணிகத் துறையின் கீழ் உள்ள பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கென்று தனிக் கணக்கை வெளியிட்டு வருகிறது. மாநில வாரியான விவரம் முதன்முதலில் 2019இல் வெளிவந்தது. 2023ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி இத்துறை நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம், அதாவது ஏறத்தாழ 64,000 கோடி டாலர். வேலைவாய்ப்பு சுமார் 50 லட்சம். மாநிலப் பொருளாதாரத்தில் இதன் பங்கு அதிகமுள்ள வரிசையில் ஹவாய், வெர்மான்ட், மொன்டானா ஆகியவை முன்னணியில் இருக்கின்றன.

இந்த எண்ணை எடுத்துப் பேசும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, அதற்குள் என்னென்ன அடங்குகின்றன என்பது. மலையேற்றமும் மீன்பிடிப்பும் முகாமிடுவதும் மட்டும் அல்ல. வீட்டுத் தோட்டம் போடுவது, திறந்தவெளி இசை நிகழ்ச்சி, கேளிக்கைப் பூங்கா, வெளியூர்ப் பயணச் செலவு, அரசே செய்யும் செலவு எல்லாம் உள்ளே இருக்கின்றன. பொருள்களைத் தயாரிப்பதும் இதில் சேரும். இந்தியானா மாநிலத்தில் பெயர்பெற்ற மலைத்தொடர் எதுவும் கிடையாது. ஆனால் படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு சாலையில் ஓடும் ஆர்.வி. வண்டிகளில் பெரும்பாலானவை அம்மாநிலத்தின் எல்கார்ட் பகுதியில்தான் தயாராகின்றன. ஆகவே இந்தியானாவின் பங்கு தொழிற்சாலையில் பிறக்கிறது, கொலராடோவின் பங்கு பனிச்சறுக்குச் சரிவுகளில் பிறக்கிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் பார்த்துவிட்டு, "நம் மாநிலமும் பாதை போட்டால் இவ்வளவு வரும்" என்று முடிவு கட்டுவது தவறு.

இரண்டாவது எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. உள்ளூர்க்காரர் ஒருவர் சனிக்கிழமை ஏரியில் படகு ஓட்ட 40 டாலர் செலவழிக்கிறார். ஏரி இல்லாவிட்டால் அந்தப் பணத்தை அவர் சினிமாவுக்கோ உணவகத்துக்கோ கொடுத்திருப்பார். மாநிலத்துக்கு அதில் புதிதாக வந்தது மிகக் குறைவு. பக்கத்து மாநிலத்திலிருந்து ஒருவர் வந்து செலவழித்தால் அது புதிய பணம். உள்ளூர்க்காரர் வெளிமாநிலம் போகாமல் இங்கேயே விடுமுறையைக் கழித்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே பலன்தான். அந்தப் பணமும் உடனே வெளியே ஓடக்கூடும்: நாடு தழுவிய ஹோட்டல் சங்கிலிக்கும் பெட்ரோல் நிறுவனத்துக்கும் போகும் பங்கு ஊரில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. "மொத்தச் செலவு" என்று அறிக்கையில் பெரிய எழுத்தில் போடும் எண்ணுக்கும், ஊரில் ஒரு குடும்பத்தின் கைக்கு வந்து சேரும் தொகைக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. மாநிலத் திட்டத்தின் தரத்தை அந்தத் தூரத்தை அது எவ்வளவு குறைக்கிறது என்பதை வைத்தே நான் மதிப்பிடுவேன்.

அப்படிக் குறைத்துக் காட்டிய இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கிரேட் அலகெனி பாசேஜ். மேரிலாந்தின் கம்பர்லாந்து நகரிலிருந்து பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் வரை 150 மைல், பழைய ரயில் தடத்தின் மீது போட்ட சைக்கிள் பாதை. ஓஹையோபைல் என்னும் ஊரில் 1986இல் முதல் துண்டு திறக்கப்பட்டது. முழுப் பாதையும் முடிய 2013 ஆயிற்று. கம்பர்லாந்தில் இது பழைய கால்வாய்க் கரைப் பாதையோடு சேர்வதால் தலைநகர் வாஷிங்டன் வரையிலும் மோட்டார் வண்டியின் தொந்தரவு இல்லாமல் சைக்கிளில் போகலாம்.

இந்தப் பாதை கடந்து செல்லும் பகுதி ஒரு காலத்தில் நிலக்கரிக்கும் எஃகுக்கும் வாழ்ந்த பகுதி. கானல்ஸ்வில் நகரின் கோக் கரி பிட்ஸ்பர்க்கின் உலைகளுக்குப் போயிற்று. சுரங்கமும் உலையும் மூடிய பின் ரயிலும் நின்றது. நின்றுபோன ரயில் தடத்தின் நிலம் பொதுவாக என்ன ஆகும்? துண்டுதுண்டாகப் பிரிந்து பக்கத்து நில உரிமையாளர்களிடம் போய்விடும். ஒருமுறை துண்டானால் 150 மைலை மறுபடி ஒட்டவைக்க யாராலும் முடியாது. 1983இல் மத்தியச் சட்டத்தில் செய்த ஒரு திருத்தம் இதற்கு வழி செய்தது: தடத்தைக் கைவிட்டதாகக் கருதாமல், பிற்காலத்தில் ரயில் தேவைப்பட்டால் திரும்பத் தரலாம் என்ற நிபந்தனையோடு இப்போதைக்கு நடைபாதையாகப் பயன்படுத்தலாம். நாடெங்கும் எத்தனையோ ரயில் பாதைகள் மக்களின் பாதைகளாக மாறியதற்கு இந்தச் சிறு சட்ட ஏற்பாடு அடிப்படை. அறிக்கைகளில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

பாதை போட்டுவிட்டதால் மட்டும் கான்ஃப்ளுவன்ஸ், ராக்வுட், மேயர்ஸ்டேல் போன்ற ஊர்கள் பிழைத்துவிடவில்லை. பல இடங்களில் ரயில் தடம் ஊரின் ஓரமாகப் போகிறது, கடைத்தெரு சற்றுத் தள்ளி இருக்கிறது. சைக்கிளில் வருபவருக்கு அங்கே ஓர் ஊர் இருப்பதே தெரியாது. தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். 2007இல் தொடங்கிய "பாதை ஊர்கள்" திட்டம் இந்த இடைவெளியைத்தான் கவனித்தது. பாதையிலிருந்து கடைத்தெருவுக்கு வழிகாட்டும் பலகை, சைக்கிளை நிறுத்தக் கம்பி, காலையில் நேரத்தோடு திறக்கும் உணவகம், ஞாயிற்றுக்கிழமையும் பூட்டாத கடை, தங்கும் விடுதி தொடங்க நினைக்கும் உள்ளூர்க்காரருக்குச் சிறு கடன். எல்லாமே சின்ன வேலைகள், ஒவ்வொன்றும் பணத்தை ஊருக்குள் இழுப்பவை. 2019ஆம் ஆண்டு பயணிகள் செலவை வைத்துச் செய்த ஆய்வு, இந்தப் பாதையால் அப்பகுதிக்கு 12 கோடி டாலருக்கு மேல் பொருளாதாரப் பலன் கிடைத்ததாக மதிப்பிட்டது. பாதையில் போக கட்டணம் எதுவும் கிடையாது.

சைக்கிள் பயணி காரில் வருபவரைவிடச் சிற்றூருக்கு ஏன் நல்ல விருந்தாளி? அவர் மெதுவாக வருகிறார். 150 மைலை ஒரே நாளில் கடப்பவர் அரிது. பெரும்பாலோர் வழியில் இரண்டு மூன்று இரவாவது தங்க வேண்டும். பசியோடு வருகிறார். பையில் இடமில்லாததால் வீட்டிலிருந்து எதையும் கட்டிக்கொண்டு வர முடியாது, எல்லாவற்றையும் வழியில்தான் வாங்க வேண்டும். காரில் வருபவர் பெருநகரத்திலேயே பொருள்களை வாங்கி வண்டியில் அடைத்துக்கொண்டு, மலையைப் பார்த்துவிட்டு, குப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியும். எந்த வகைப் பயணியை வரவேற்கப் போகிறோம் என்பதே ஒரு கொள்கை முடிவு என்பதைப் பல மாநிலங்கள் இன்னும் உணரவில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காபிக் கடை எஃகு ஆலைக்கு மாற்று ஆகாது. மெய்ன் மாநிலத்தின் மில்லினாக்கெட் இதற்குச் சரியான உதாரணம். காகித ஆலைக்காகவே எழுந்த ஊர் அது. 2008இல் அதன் ஆலை நின்றது. பக்கத்து ஊரான ஈஸ்ட் மில்லினாக்கெட்டின் ஆலை 2014இல் மூடியது. தொழிற்சங்கம் பேசி வாங்கிய ஊதியம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அவற்றோடு போயின. ராக்ஸேன் குயிம்பி என்ற தொழிலதிபர் அருகில் வாங்கிச் சேர்த்திருந்த சுமார் 87,500 ஏக்கர் காட்டை நாட்டுக்குக் கொடையாகத் தந்தார். 2016 ஆகஸ்டில் அதிபர் ஒபாமா அதைக் கட்டாடின் காடுகளும் நீர்நிலைகளும் தேசிய நினைவுப் பகுதியாக அறிவித்தார். ஊரில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டிய, வேட்டையாடிய காட்டுக்கு வேலி விழுமோ என்ற அச்சமும், "அறை கூட்டித் துடைக்கும் வேலைதான் இனி நம் பிள்ளைகளுக்கா" என்ற மானக் கேள்வியும் அதில் கலந்திருந்தன. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பருவகால வேலை, குறைந்த ஊதியம், காப்பீடு இல்லை என்பவை இத்துறையின் மெய்யான குறைகள். வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்லி, அந்த வேலை ஆண்டில் எத்தனை மாதம் இருக்கும் என்பதைச் சொல்லாத அறிக்கையை நம்பாதீர்கள். ஆலை போன ஊரில் வேறு எந்தத் தொழிலும் வர மறுக்கும்போது, சிறு விடுதியும் வழிகாட்டித் தொழிலும் பனிவாகனப் பழுதுபார்ப்பும் ஊரை முற்றாகக் காலியாகாமல் காக்கின்றன என்பதும் அதே அளவு மெய்.

பயணியின் செலவைவிடப் பெரியது இன்னொரு வருவாய் என்பது என் கருத்து: குடியேற வருபவர்கள். மொன்டானாவின் போஸ்மன் நகரில் இயங்கும் ஹெட்வாட்டர்ஸ் எகனாமிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் உள்ள மாவட்டங்களை ஒப்பிட்டு 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பொழுதுபோக்குக்குப் பெயர்பெற்ற மாவட்டங்களுக்குப் புதிதாகக் குடிவருவோர் அதிகம் என்றும், அவர்கள் கொண்டுவரும் வருமானமும் அதிகம் என்றும் அது கண்டது. முதலில் விடுமுறைக்கு வருகிறார், பிறகு வீடு பார்க்க வருகிறார், அதன்பின் தொழிலையே கொண்டுவருகிறார். மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் போன்றவர்களைச் சிற்றூருக்கு அழைக்க நல்ல சம்பளம் மட்டும் போதாது. வேலை முடிந்த மாலையில் ஆற்றங்கரையில் நடக்க முடியும் என்பதும் அவர்கள் முடிவில் ஒரு பங்கு வகிக்கிறது.

ஆனால் பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. வயோமிங் மாநிலத்தின் டீட்டன் மாவட்டம், கிராண்ட் டீட்டன் மலைகளும் ஜாக்சன் நகரும் இருக்கும் இடம், அமெரிக்காவிலேயே தலா வருமானம் மிக உயர்ந்த மாவட்டங்களுள் ஒன்று. அங்கே சமைப்பவர், துடைப்பவர், செவிலியர், காவலர் பலருக்கும் அங்கே வீடு வாங்கவோ வாடகைக்கு இருக்கவோ வசதி இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், ஐடஹோ மாநிலத்தின் விக்டர், டிரிக்ஸ் போன்ற ஊர்களில் குடியிருந்து கணவாய் வழியாகத் தினமும் வேலைக்கு வருகிறார்கள். 2024 ஜூன் 8 அன்று டீட்டன் கணவாய்ச் சாலையின் ஒரு பகுதி நிலச்சரிவில் அப்படியே பெயர்ந்து விழுந்தது. சுற்றுலாப் பருவம் தொடங்கும் நேரம். சுற்றுவழியில் வர ஒரு நடைக்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடியது. தற்காலிகச் சாலை ஜூன் மாத இறுதியில் திறக்கும் வரை ஜாக்சனின் முதலாளிகள் தம் தொழிலாளர்களை எங்கே தங்கவைப்பது என்று தேடினார்கள். அந்த மூன்று வாரங்கள் ஒரு மாவட்டத்தின் பொருளாதாரம் எந்த மண்ணில் நிற்கிறது என்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டன.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கொலராடோவின் வேய்ல் நகராட்சி 2017இல் ஒரு திட்டம் தொடங்கியது. வீட்டு உரிமையாளருக்கு நகராட்சி ஒரு தொகை தருகிறது; பதிலுக்கு, உள்ளூரில் வேலை செய்பவரே இனி இந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் நிரந்தரமாக ஏறுகிறது. புதிய கட்டடம் எழுப்ப நிலமே கிடைக்காத பள்ளத்தாக்கில், இருக்கும் வீடுகளையே ஊழியர்களுக்காகக் காப்பாற்றும் முறை இது. ஹோட்டல் அறை வரியை எதற்குச் செலவிடலாம் என்பதிலும் மாநிலச் சட்டம் கை வைக்க வேண்டும். யூட்டாவின் மோவாப் நகரில் ஆர்ச்சஸ் பூங்காவுக்கு வரும் கூட்டத்தில் ஊர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலத்திலும், அந்த வரியில் ஒரு பங்கைச் சுற்றுலா விளம்பரத்துக்கே செலவிட வேண்டும் என்று மாநிலச் சட்டம் நீண்ட காலம் கட்டாயப்படுத்தியது. குப்பை அள்ளவும் ஆம்புலன்ஸ் ஓட்டவும் பணம் தேவைப்பட்ட ஊரை, மேலும் ஆள்களை அழைக்கச் சொன்ன சட்டம் அது.

நிலத்தைத் தருபவர் என்ற இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு மாநிலங்களில் காடும் மலையும் பெரும்பாலும் மத்திய அரசுடையவை. கிழக்கில் அப்படியில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் ஈஸ்ட் பர்க் ஊரைச் சுற்றியுள்ள கிங்டம் டிரெயில்ஸ் என்ற மலைச் சைக்கிள் தடங்கள் ஏறத்தாழ 100 மைல் நீளம். அவை ஓடுவது பெரும்பாலும் தனியார் பண்ணைகளிலும் காடுகளிலும். உரிமையாளர்கள் மனமுவந்து அனுமதித்ததால் மட்டுமே ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் அங்கே சாத்தியமாயின. 2019 டிசம்பரில் மூன்று உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் இனி சைக்கிள் வேண்டாம் என்று அறிவித்தார்கள். கூட்டமும் வாகன நெரிசலும் சிலரின் மரியாதையற்ற நடத்தையும் அவர்களைச் சலிப்படைய வைத்திருந்தன. தடங்களின் மையப் பகுதியே துண்டானது. ஊரின் உணவகங்களும் சைக்கிள் கடைகளும் விடுதிகளும் மூன்று குடும்பங்களின் நல்லெண்ணத்தின் மீது நின்றிருந்தன என்பது அன்றுதான் புரிந்தது.

ஐம்பது மாநிலங்களிலும் ஒரு சட்டம் உண்டு: கட்டணம் வாங்காமல் பொதுமக்களைத் தன் நிலத்தில் அனுமதிக்கும் உரிமையாளர், அங்கே யாராவது விழுந்து அடிபட்டால் பொதுவாக வழக்குக்குப் பொறுப்பாக மாட்டார். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் வாயிலைத் திறந்து வைக்க எந்த விவசாயியும் துணியமாட்டார். ஆனால் சட்டம் வழக்கிலிருந்துதான் காக்கும், சலிப்பிலிருந்து காக்காது. வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, பாதைக் காவலர், கூட்டத்துக்கு ஒரு வரம்பு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே செலவிடுவது நில உரிமையாளருக்குச் செலுத்தும் மரியாதை. வெர்மான்ட் 2017இல் அமைத்த பொழுதுபோக்குப் பொருளாதாரக் கூட்டமைப்பு சிற்றூர்களுக்கு நிதி வழங்குகிறது. அந்த நிதியில் இத்தகைய அடிப்படை வசதிகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்பேன்.

இதுவரை பணத்தையே பேசினேன். மக்கள் சமூகத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது கேள்வியின் மறுபாதி. என் மனம் அதிகம் சாய்வது அந்தப் பக்கம்தான். வெளியூரார் வருவது ஆண்டில் சில வாரங்கள், உள்ளூரார் நடப்பது நாள்தோறும். டென்னசியின் சாட்டனூகா நகரம் 1969இல் நாட்டிலேயே காற்று மிக மாசுபட்ட நகரம் என்று பெயரெடுத்தது. ஆலைப் புகையை மலைகள் வெளியேற விடாமல் தடுத்தன. ஆற்றங்கரையைத் தொழிற்சாலைகள் பிடித்திருந்தன, மக்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டி வாழ்ந்தார்கள். பிறகு நகரத்தார் கூடிப் பேசி ஆற்றோரம் நெடுகப் பூங்காவும் நடைபாதையும் அமைத்தார்கள். 1978இல் போக்குவரத்துக்கு மூடப்பட்ட வால்நட் தெருப் பாலத்தை இடித்துத் தள்ளாமல் பழுதுபார்த்து, 1993இல் நடப்பவர்களுக்காகவே திறந்தார்கள். முதியவர் குச்சி ஊன்றி நடக்கிறார், குழந்தை ஓடுகிறது, வேலை தேடுபவரும் வங்கி அதிகாரியும் ஒரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்க்கிறார்கள். நுழைவுச் சீட்டு கேட்காத பொது இடம் இல்லாமல் இது நடக்காது. அடுத்தடுத்து நகர மையத்துக்குக் கடைகளும் குடும்பங்களும் திரும்பின. பொருளாதாரம் அங்கே பின்னால் வந்தது, மக்கள் முதலில் வந்தார்கள்.

உடல்நலத்தைப் பற்றிச் சுருக்கமாக: பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்கும்படி படுத்திருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள் என்று ரோஜர் உல்ரிக் 1984இல் எழுதினார். சிறிய ஆய்வுதான், ஆனால் அதன்பின் வந்த ஏராளமான ஆய்வுகளுக்கு அது வித்திட்டது. நடப்பதும் பசுமையும் இரத்த அழுத்தத்துக்கும் மனச் சோர்வுக்கும் நல்லவை என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. சர்ச்சை, அது யாருக்குக் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. தொலைதூர மலையில் ஒரு மாநிலம் பெரும் பணத்தைக் கொட்டினாலும், கார் இல்லாத குடும்பத்துக்கும் இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கும் அது எட்டாது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்று டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பு நகரங்களை வலியுறுத்தி வருவது இதனால்தான். மாநில நிதியில் ஒரு பங்கு கட்டாயமாக இதற்குப் போக வேண்டும். பயணிகளை ஈர்க்காது, விளம்பரப் படத்தில் வராது என்பதற்காக அக்கம்பக்கப் பூங்காவை ஒதுக்குவது அநியாயம்.

ஊரின் மீது விழும் சுமையும் கணக்கில் வர வேண்டும். மலையில் வழி தவறியவரை நள்ளிரவில் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அந்த ஊர் மெக்கானிக்கும் பள்ளி ஆசிரியையும். கொலராடோ இதற்கு ஒரு வழி கண்டது. 2023இல் வாகனப் பதிவோடு சேர்த்து 29 டாலருக்கு மாநிலப் பூங்கா அனுமதிச் சீட்டு வரத் தொடங்கியது, வேண்டாதவர்கள் மறுத்துவிடலாம். அந்த வருவாயில் ஒரு பங்கு தேடுதல் மீட்புக் குழுக்களுக்கும் பனிச்சரிவு எச்சரிக்கை மையத்துக்கும் போகிறது.

ஒரே பாதையை நம்பி ஊர் வாழ்வதிலும் ஆபத்து உண்டு. வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர். வர்ஜீனியா கிரீப்பர் என்ற 34 மைல் சைக்கிள் பாதைதான் அதன் உயிர். மலையுச்சி வரை வண்டியில் ஏற்றிவிட்டு, சரிவில் சைக்கிளில் இறங்கி வரச் செய்யும் தொழில் அங்கே செழித்தது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்தச் சரிவுப் பகுதியின் பாலங்களை அடித்துச் சென்றது. அந்தப் பகுதி போனதும் சைக்கிள் கடைகளின் பிழைப்பும் ஆட்டம் கண்டது. வெள்ளமும் காட்டுத்தீயும் பனி குறைந்த குளிர்காலங்களும் பெருகிவரும் காலத்தில், சீரமைப்புக்கென்று ஒரு நிதியை மாநிலம் முன்கூட்டியே ஒதுக்கி வைக்காவிட்டால், ஒரே இரவு மழையில் ஓர் ஊரின் வருமானம் கரைந்துபோகும்.

அப்படியானால் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்? பழைய ஏற்பாடு வேட்டையாடுபவர்களும் மீன்பிடிப்பவர்களும் தந்தது. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் மத்திய வரியை மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மாநிலத்தின் பரப்பையும் வேட்டை உரிமம் வாங்கியவர் எண்ணிக்கையையும் வைத்துப் பங்கு கணக்கிடப்படுகிறது. உரிமக் கட்டணத்தை வேறு எதற்கும் திருப்பிவிடக் கூடாது என்ற கண்டிப்பான நிபந்தனையும் உண்டு. 1950இல் மீன்பிடிக் கருவிகளுக்கும் இதேபோல ஒரு சட்டம் வந்தது. நடப்பவரும் மலையேறுபவரும் பறவை பார்ப்பவரும் வாங்கும் பொருளுக்கு இப்படி ஒரு வரி இல்லை. முதுகுப்பைக்கும் கூடாரத்துக்கும் வரி போடும் யோசனை 1990களில் எழுந்து, தொழில்துறையின் எதிர்ப்பால் அடங்கியது. வேட்டையாடுபவர் எண்ணிக்கையைவிட நடப்பவர் எண்ணிக்கை வேகமாகப் பெருகும்போது, செலவை ஒரு சாரார் ஏற்க, பயனை இன்னொரு சாரார் பெறும் நிலை நீடிக்க முடியாது. அந்த வரியை நான் ஆதரிக்கிறேன். மத்திய அரசின் நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு 2020இல் ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிரந்தரமாக உறுதி செய்யப்பட்டது நல்ல செய்திதான், ஆனால் அது ஐம்பது மாநிலங்களின் அன்றாடப் பராமரிப்புக்குப் போதாது.

எந்த மாநிலத்தைப் பார்த்துக் கற்கலாம் என்று கேட்டால், புகழ்பெற்ற கொலராடோவையோ யூட்டாவையோ சொல்லமாட்டேன். மிசௌரியைச் சொல்வேன். பெரிய தேசியப் பூங்காவோ பனிமலையோ அங்கே கிடையாது. 1976இல் அம்மாநில மக்கள், விற்பனை வரியில் ஒரு டாலருக்கு எட்டில் ஒரு சென்ட்டை இயற்கைப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கி அரசியல் சாசனத்திலேயே எழுதினார்கள். 1984இல் பத்தில் ஒரு சென்ட்டை மாநிலப் பூங்காக்களுக்கும் மண் அரிப்பைத் தடுப்பதற்கும் ஒதுக்கினார்கள். பூங்காவுக்குப் போகிறவரும் போகாதவரும் கடையில் பொருள் வாங்கும்போது சிறுதுளியாகத் தருகிறார்கள். அதனால் மிசௌரியின் மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணமே இல்லை. 240 மைல் நீளமுள்ள கேட்டி டிரெயில் என்ற ரயில் தடப் பாதையும், அதன் ஓரம் இருக்கும் ரோஷ்போர்ட் போன்ற சிற்றூர்களின் விடுதிகளும் இந்த ஏற்பாட்டின் துணையோடு நடக்கின்றன. பூங்காக்களுக்கும் மண்ணுக்குமான வரி பத்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். 2016இல் சுமார் 80 சதவீதத்தினர் தொடரட்டும் என்று வாக்களித்தார்கள். அதற்கடுத்த வாக்கெடுப்புக்கு உரிய ஆண்டு 2026.